ஸ்டென்ட் மாற்ற ஒரு முறையான அழைப்பு

கருணாகரனின் பித்தக்குழாய் மறுபடியும் சுருங்கிவிட்டது. அது அடைபடாமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் ஸ்டென்ட்டை அன்றே மாற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். ஆனால் அவனுக்குத் தன் கல்லீரலில் ஒரு துண்டைத் தந்தவரின் கைரேகை இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. தந்த துண்டு யார் வயிற்றில் இருந்தாலும் தந்தவருக்கே சொந்தம் என்பது சட்டம்.

தந்தவள் அவன் தங்கை சௌந்தரவல்லி. அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தன்னை வெறும் குறுஞ்செய்தியில் அழைத்த நாளிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. கைரேகையையும் அவன் குறுஞ்செய்தியில்தான் கேட்டான். "நேர்ல வந்து முறையா அழைக்கட்டும்" என்று பதில் வந்தது.

மஞ்சள் பூத்த கண்களோடு, வெற்றிலை பாக்கும் பழமும் குங்குமமும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு அவள் வீட்டுப் படியேறினான்.

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஸ்டென்ட் மாத்துறாங்கம்மா. நீ குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

"ஏன், உன் மாப்பிள்ளையைக் கூப்பிட மாட்டியா?"

"மாப்ளே, நீங்களும் அவசியம் வந்துடணும்!" என்று உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

அவள் தட்டை வாங்கி வைத்துவிட்டுக் குனிந்து, அவனுடைய வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையைப் பதித்தாள். "சாப்பிட்டியா?" என்றாள்.

யாரைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. "வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க" என்று இருவருக்குமாகப் பதில் சொன்னான்.

"அதைப் பட்டினி போட்டா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே, அண்ணா?" என்று ஏசிக்கொண்டே, அவன் நீட்டிய போனில் கட்டைவிரலை அழுத்தினாள்.