தரையக்காவுக்கு வந்த காவலாளி

ஓர் அலுவலகத்தில் புதிதாக மரத்தரை போட்டார்கள். சுழல்நாற்காலி அதன்மேல் "கிர்ர்ர் கிர்ர்ர்" என்று உருண்டு கோடு கோடாகக் கீறியது. பதறிப்போன மேனேஜர் எபனேசர் கடைக்கு ஓடினார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே தடிமனான பிளாஸ்டிக் விரிப்பை வாங்கிவந்து நாற்காலிக்கு அடியில் போட்டார். அதன் அடிப்பக்கத்தை அவர் திருப்பிப் பார்க்கவே இல்லை.

விரிப்பு நெஞ்சை நிமிர்த்தியது. "தரையக்கா, இனிமே எவன் உங்க மேல கை வைக்கிறான்னு நான் பார்த்துக்கிறேன்!"

"சரிப்பா," என்றது தரை, பல்லைக் கடித்துக்கொண்டு.

நாற்காலி உருளும்போதெல்லாம், "மிதி! இன்னும் மிதி! அக்காவுக்காகத் தாங்குவேன்!" என்று விரிப்பு முழங்கியது. அடியில் தரை "ஸ்ஸ்ஸ்" என்றது.

மூன்றாம் நாள் நாற்காலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடேய் வஸ்தாது! நானாவது மேலாகத்தான் கீறினேன். உன் வயித்துக்கு அடியில வரிசையா முள்ளு இருக்கு பாரு, அது குத்துது அவங்களை! நீ முள்ளால பிடிச்சு நிக்கிற மாதிரி கம்பளத்து மேல போடுற விரிப்புய்யா!"

விரிப்பு தரையிடம் கேட்டது: "ஏங்க்கா சொல்லவே இல்ல?"

"நீ அவ்வளவு ஆசையா காவல் காத்தியேப்பா. எப்படிச் சொல்றது?"

மறுநாள் காலை விரிப்பு தன் ஓரத்தை மெல்லத் தூக்கிவைத்தது. எபனேசர் தடுக்கி, காபியோடு நாற்காலியில் விழுந்தார். தூக்கிய ஓரத்தின் அடியில் இருந்த முள் வரிசை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"எடுங்கய்யா இதை! கம்பளம் போட்ட ரூம்ல கொண்டுபோய்ப் போடுங்க!"

கிளம்பும்போது விரிப்பு, ஒரு முள்ளும் தரையில் படாதபடி, தன்னை உள்பக்கமாக இறுக்கிச் சுருட்டிக்கொண்டது.