பரீட்சை நாள் ரொட்டி

பால்கனியில் பழைய எண்ணெய் டின்களில் தழைத்திருக்கும் தைம் மூலிகைச் செடிகள்மேல் காலை வெயில் சாய்வாக விழுகிறது. நுஹாத் ஒரு கொத்தைக் கிள்ளுகிறாள். கிள்ளிய வேகத்தில் அது வேரோடு வந்துவிடுகிறது. மண்ணை அவசரமாக அழுத்திவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறாள். காய்ந்த தைமும் எள்ளும் கலந்த பொடியை ஆலிவ் எண்ணெயில் குழைத்து, சூடான ரொட்டியில் வழக்கத்தைவிடக் கனமாகப் பூசி, பச்சை இலையையும் தூவிச் சுருட்டுகிறாள். தைம் தின்றால் ஞாபகம் நிற்கும். இதைத் தின்னக் கொடுக்காமல் லெபனானில் எந்தத் தாயும் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புவதில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இதைத் தின்று பாஸாகி, எப்போதோ கடல் தாண்டிப் போய்விட்டார்கள். இன்றைக்கு மேஜையில் உட்கார்ந்திருப்பவர் கணவர் முனீஃப். அவருடைய மறதியைச் சோதிக்க டாக்டர் இன்று கேள்வி கேட்கப்போகிறார்.

"இன்னிக்கு என்ன கிழமைங்க?"

"ஏன், உனக்கு மறந்துபோச்சா?" அவர் சிரிக்கிறார்.

"பேச்ச மாத்தாதீங்க. தின்னுங்க, ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கக் கூடாது."

மேஜையில் சிதறிய எள்ளையும் விரலால் ஒற்றி அவர் வாயருகே நீட்டுகிறாள். கீழே டாக்சி ஹாரன் அடிக்கிறது. மென்றுகொண்டிருந்த வாய் சட்டென்று நிற்கிறது. அவர் பிள்ளைகளின் அறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்.

"தைம் ரொட்டியா? யாருக்கு இன்னிக்குப் பரீட்சை? புள்ளைய எழுப்பிட்டியா, நேரமாகுதே!"

அவள் முகத்தைக் காட்டாமல் குனிந்து, அவர் மாற்றிப் போட்டிருக்கும் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாக மாட்டுகிறாள்.

"எழுந்தாச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."