இடது முழங்கால்

“பெரிய சார், நீங்க இப்ப கட்டையால என் இடது முழங்கால்ல அடிச்சிருக்கீங்க.”

அலறவில்லை. நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த செல்போன் கடைக்காரன், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, சத்தமாகச் சொன்னான்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னடா, மேட்ச் வர்ணனையா பண்றே?”

அடுத்த அடியும் அதே முழங்காலில். உள்ளே ஏதோ நொறுங்கியது. தொண்டை வரை வந்த அலறலை விழுங்கிவிட்டு, அதையும் சொன்னான். பின்னாலிருந்து தோளை அழுத்திப் பிடித்திருப்பவர் மீசைக்கார போலீஸ் என்பதையும் சேர்த்துக்கொண்டான்.

போன மாதம் காவல் நிலையத்தின் இதே பின்னறையில் ஒருவன் செத்துப்போனான். தற்கொலை என்று எழுதிவிடலாம் என அதிகாரி சொன்னதன் ஒலிப்பதிவு ஊரிலுள்ள எல்லாச் செல்போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

அவரை யாரும் தொடவில்லை. பேசுகிறவருக்குத் தெரியாமல் பதிவு செய்வதுதான் புதுச் சட்டப்படி குற்றம். பதிவு செய்தவனைத் தேடிக் கிளம்பியவர்கள் கையில் இவன் அகப்பட்டான். இவனையும் தற்கொலை என்று எழுத எவ்வளவு நேரமாகும்?

ஓங்கிய கட்டை அந்தரத்தில் நின்றது.

எங்கோ பதிவு ஓடுகிறது என்று அதிகாரிக்கு உறைத்தது. பதிவில் அடி விழும் சத்தம் கேட்கும். அடிப்பது யார் என்று தெரியாது. இவன் தெரியவைத்துக்கொண்டிருக்கிறான்.

சட்டையைக் கிழித்தார்கள். செருப்பைப் பிளந்தார்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவியதில் ஒரு பல் ஆட்டம் கண்டது. ஒன்றும் அகப்படவில்லை.

அதிகாரி மெல்லத் திரும்பினார். அறையில் மிச்சம் இரண்டே பேர். மீசைக்காரர் காலையிலிருந்து வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தார். கதவோரம் நின்ற போலீஸ்காரர் ஒரு தடவை தண்ணீர் கொடுத்ததோடு சரி. அடிக்கவில்லை. பேசவும் இல்லை.

“உன் குரல் பதிவுல விழுந்துடக் கூடாதுன்னுதான் வாயே தொறக்கல, இல்ல?”

கட்டை கதவோரக்காரரின் காதில் இறங்கியது. சுவரில் மோதிச் சரிந்தவர் மேல் மீசைக்காரரும் பாய்ந்தார். சும்மா நின்றால் அடுத்தது தன் முறை என்று அவருக்கு விளங்கியிருந்தது.

கதவோரக்காரரின் பைகளிலும் ஒன்றுமில்லை. எங்கே ஒளித்தாய் என்று கேட்டுக் கேட்டு மிதித்தார்கள். விலா எலும்பு ஒடியும் சத்தம் நாற்காலி வரை கேட்டது.

“தம்பி, நீயாவது சொல்லுப்பா.” தரையிலிருந்து ரத்தத்தோடு வந்தது குரல். “எங்கிட்ட எதுவும் இல்லன்னு.”

சொல்லலாம். அவரிடம் மட்டுமல்ல, அந்த அறையில் எவரிடமும் எதுவும் இல்லை. முதல் அடி விழுந்த நொடியில் அவனுக்கு உதித்த யோசனை, அவ்வளவுதான்.

அதிகாரி மூச்சு வாங்க அவன் பக்கம் பார்த்தார். கட்டை இன்னும் கையில்தான் இருந்தது.

“எனக்கு எப்படி சார் தெரியும்?” என்றான்.