ஒத்தைச்சொல் மேஸ்திரி

"அவர் கடைசியா என்ன சொன்னார்? அதை மட்டும் சொல்லுங்க அண்ணே, போயிடறேன்."

மிக்சர் லாரி டிரைவர் தலையைத் தூக்கவில்லை. ஒரு வாரமாக இதையே போலீசிடமும் என்ஜினீயரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கு உலர்ந்துவிட்டது. ஆனால் இப்போது எதிரே நிற்பவள் செத்துப்போன மேஸ்திரியின் மனைவி. மழுப்ப முடியாது.

"'ஊத்து'ன்னார் தங்கச்சி. வழக்கமா ஒரு தடவைதான் சொல்வார். அன்னிக்கு 'ஊத்து, ஊத்து'ன்னு ரெண்டு தடவை. அவசரம்போலன்னு நினைச்சேன். அவர் குரல் எனக்குத் தெரியாதா? எத்தனை கட்டடத்துக்கு அவர் சொல்லி நான் கான்கிரீட் ஊத்தியிருக்கேன்!"

"குழிக்குள்ள நின்னுகிட்டா அப்படிச் சொன்னார்?"

"அதான் எனக்கும் புரியல. மேல ஏறி வந்துட்டார்னுதான் நினைச்சேன். இந்த மண்மேடு மறைக்குது பாரு, எனக்கு என்ன தெரியும்?"

கடை வளாகத்துக்காகத் தோண்டிய மண் லாரிக்கும் தூண் குழிக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஆட்களெல்லாம் டீ குடிக்கப் போவார்கள். மேஸ்திரி மட்டும் குழிக்குள் இறங்கி, கம்பிக் கட்டைக் கடைசியாக ஒரு தடவை தட்டிப் பார்ப்பார். ஏணியில் ஏறி விளிம்புக்கு வந்து ஒரு குரல் கொடுப்பார். டிரைவர் லீவரைத் தள்ளுவார்; மேட்டுக்கு மேலாகப் போட்ட குழாய் வழியே கான்கிரீட் குழிக்குள் விழும். அன்றைக்கும் குரல் வந்தது, தள்ளினார். டீ குடித்துவிட்டு வந்தவர்கள்தான் கம்பிகளுக்கு நடுவே ஒரு கையைப் பார்த்துக் கத்தினார்கள்.

மேஸ்திரிக்கு அங்கே 'ஒத்தைச்சொல்' என்றுதான் பெயர். ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு இரண்டாவது வார்த்தையைச் செலவழிக்க மாட்டார். பெண் பார்க்க வந்த இடத்திலும் "சரி" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாராம். ஊமை மாப்பிள்ளையைத் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ என்று மாமனார் பயந்துபோனாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஆட்கள், இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒதுங்கி நின்றார்கள்.

என்ஜினீயர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். மேஸ்திரியின் உடலை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்; மிச்சம் இறுகிப்போன கான்கிரீட்டைக் குழிக்குள் ஒரு ஆள் மெஷினால் உடைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஏம்மா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே. மேல வந்து சொல்லவேண்டியதை உள்ள நின்னு சொல்லியிருக்கார்னா, அதுக்கு ஒரே அர்த்தம்தான். நாளைக்கு விசாரணையில, கொஞ்ச நாளா அவருக்கு மனசு சரியில்லன்னு சொல்லிடு. இந்த டிரைவரும் பாவம், தப்பிச்சுடுவார்."

அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"மனசு சரியில்லாம இல்ல சார். நான்தான்... அன்னிக்குக் காலையில பொண்ணுக்குக் காய்ச்சல். லீவு போடுங்கன்னு சொன்னேன். முடியும்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கறார். எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. 'இப்படி வாயைத் திறக்காம உயிரை வாங்கறதுக்கு, ஒரேயடியா போய்ச் சேருங்க'ன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'சரி'ன்னார்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக அவள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டு எழுந்த மகள், "அப்பா எப்பம்மா வருவார்?" என்று கேட்கும்போதெல்லாம் இவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ சொன்னதுக்காக அவர் போகலம்மா," என்றார் டிரைவர். அவர் குரலும் உடைந்திருந்தது. "ஆனா ஒண்ணு தங்கச்சி. அவர் சொல்லித்தான் நான் ஊத்தினேன். அவரா சொல்லாம என் கை லீவர் பக்கம் போகாது. அந்த ஒரு நினைப்புலதான் ராத்திரி கண்ணை மூடறேன். அதையும் பொய்னு சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன் அண்ணே. நீங்க பொய் சொல்லல. நாளைக்கு நானே சொல்லிடறேன். என் வாய்தான் அவரைக் கொன்னுடுச்சுன்னு."

குழிக்குள் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"ஊத்து!" என்று ஒரு குரல் உள்ளேயிருந்து அலறியது. "ஊத்து! ஊத்து!"

டிரைவர் லாரிக் கதவை எட்டிப் பிடித்துக்கொண்டார். "இதேதான்... இப்படியேதான் கேட்டுச்சு!"

"அறிவிருக்கா அவனுக்கு? லாரியில ஒண்ணுமே இல்ல, எதை ஊத்தச் சொல்றான்?" என்று கத்திக்கொண்டே என்ஜினீயர் மண்மேட்டைச் சுற்றி ஓடினார். அவளும் பின்னால் ஓடினாள்.

உடைப்பவன் மெஷினைப் போட்டுவிட்டு ஏணியில் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தான். கான்கிரீட்டைப் பெயர்த்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. குழியின் ஒரு பக்கம் மண் பொத்தென்று சரிந்தது.

"கையைக் குடுங்க சார்! அடியில ஊத்து இருக்கு! தண்ணி பீறிட்டு வருது!"

என்ஜினீயர் அவனை இழுத்து மேலே போட்டார். அவள் விளிம்பிலேயே உட்கார்ந்து, ஒரு வாரமாக வராத அழுகையை வாய்விட்டு அழுதாள்.

"அவர் சாகப் போகல அண்ணே! ஊத்தைப் பார்த்துட்டு உதவிக்குக் கூப்பிட்டிருக்கார்!"

அப்போதுதான் மேட்டைச் சுற்றி வந்து சேர்ந்த டிரைவர், கொப்பளிக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ... என்னை ஊத்தச் சொல்லவே இல்லையா தங்கச்சி?"