சட்டைக் கைக்குள் ஒரு வாட்ச்

"உங்க கையில கட்டியிருக்கறதைக் கொஞ்சம் கழட்டுங்க சார். ரெண்டையும் பக்கத்துல வச்சு, அசலை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு காட்டறேன்."

கடைக்காரர் சொல்லி வாய் மூடவில்லை.

"வேண்டாம்!" என்றார் கணவர்.

"அதெல்லாம் வேண்டாங்க!" என்றாள் மனைவி.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. கடைக்காரர் தட்டில் இருந்த வாட்சைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

விலை உயர்ந்த பழைய வாட்சுகளை வாங்கி விற்கும் கடை அது. கொஞ்ச நாள் முன்பு இப்படித்தான் ஒரு ஜோடி வந்தது. அவள் பேச்சுக் கொடுத்தாள். அவன் தட்டில் இருந்த அசலைக் கட்டிக்கொண்டு, கையில் இருந்த போலியைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த அடியிலிருந்தே கடை இன்னும் எழுந்திருக்கவில்லை. இன்னொன்றும் போனால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். சூடு கண்ட பூனை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் பாடத்தை நிறுத்த மனசு வரவில்லை. யார் வந்தாலும் போலியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் விற்பார். பாதிப் பேர் இலவசமாகப் பாடம் கேட்டுவிட்டு, வேறு கடையில் போய் வாங்குவார்கள்.

"இதோ, செகண்ட் முள்ளைப் பாருங்கம்மா. டிக் டிக்னு நின்னு நின்னு போகாது. வழுக்கிக்கிட்டே ஓடும். இந்த மாடல்ல முள்ளு குதிச்சுதுன்னா யோசிக்கவே வேண்டாம், டூப்ளிகேட்."

கணவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். அதற்குள் கடைக்காரர் பார்த்துவிட்டார். அதே மாடல். முள் தவளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரா, மறைக்கட்டும்!

"அடுத்தது எழுத்து. லென்ஸ்ல பாருங்க. அசல்ல ஓரமெல்லாம் வெட்டி வச்ச மாதிரி சுத்தமா இருக்கும். போலியில..."

"வெளியில வெயில் என்னமாக் கொளுத்துது, இல்லீங்க?" என்று குறுக்கே புகுந்தாள் மனைவி.

ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றி என்ன பேச்சு? ஆரம்பித்துவிட்டாள்.

"கனத்தையும் பார்க்கணும். கையில வாங்கிப் பாருங்க சார்."

கணவர் வாங்கினார். பார்க்கக்கூட இல்லை, அப்படியே தட்டில் வைத்துவிட்டார். "எனக்கு எதுக்கும்மா இன்னொண்ணு? இருக்கறதே நல்லாத்தானே ஓடுது."

வாங்க வந்தவர் பேசுகிற பேச்சா இது? கடைக்காரர் வெடுக்கென்று வாட்சை எடுத்து, லென்ஸைக் கண்ணில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அசல்தான். இன்னும் மாற்றவில்லை.

"என்னங்க, வண்டி வெயில்ல காயுது. கொஞ்சம் நிழல்ல போட்டுட்டு வாங்களேன்."

ஓடுவதற்கு வண்டியைத் தயாராக வைக்கச் சொல்கிறாள்! கடைக்காரரின் கால், மேஜைக்கு அடியில் அலாரம் பொத்தானைத் தேடியது.

கணவர் வெளியே போனதும் அவள் மேஜைமேல் குனிந்தாள். கடைக்காரர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அவர் கையில இருக்கறதைப் பத்தி எதுவும் சொல்லிடாதீங்க. கல்யாணமான புதுசுல சிறுகச் சிறுகச் சேர்த்து, அசல்னு நம்பி நான் வாங்கிக் கட்டிவிட்டது சார். ஒரு நாள் நின்னுபோச்சுன்னு ரிப்பேருக்குக் கொண்டு போனா, பின்மூடியைத் திறந்தவன் உள்ளே இருந்த பேட்டரியைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கறான். இந்த மாடல்ல பேட்டரியே கிடையாதாமே!"

"ஆமாம்மா, கிடையாது."

"அவருக்கு இந்த விஷயம் தெரியாது. போற இடத்துல எல்லாம், 'என் பொண்டாட்டி வாங்கிக் கொடுத்தது'ன்னு நீட்டி நீட்டிக் காட்டுவார். தெரிஞ்சா தாங்க மாட்டார். அதான், அசலா ஒண்ணு கட்டிவிட்டுட்டு, அந்தச் சனியனைக் கண்ணுல படாம ஆக்கிடலாம்னு பார்க்கறேன்."

கடைக்காரர் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். இப்படிப்பட்டவளைத் திருடி என்று நினைத்தோமே என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"நீங்க கவலைப்படாதீங்கம்மா. பழசை அவர்கிட்ட இருந்து வாங்கறது என் பொறுப்பு."

கணவர் திரும்பி வந்தார். அவள் கார்டைத் தேய்த்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து மகள் கூப்பிட, போனில் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள். கடைக்காரர் காரியத்தில் இறங்கினார்.

"கையைக் கொடுங்க சார், புதுசை நானே கட்டிவிடறேன். பழசு எதுக்கு இனிமே? என்கிட்டயே கொடுத்துடுங்க. அதுவும் அசல்தானே, நல்ல விலைக்கு எடுத்துக்கறேன்."

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு போலியை அசல் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

கணவர் அவரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க ரொம்ப நல்லவர் சார். அவ முன்னாடி எங்கே போட்டு உடைச்சிடுவீங்களோன்னுதான் சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டிருந்தேன். புதுசை எங்கேயாவது வெளியில போகும்போது கட்டிக்கறேன். இதை மட்டும் கேட்காதீங்க, தர மாட்டேன்."

"ஏன் சார்?"

"அவ ஆசை ஆசையா வாங்கிக் கட்டிவிட்டது சார். மறுநாளே ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, டூப்ளிகேட்டுன்னு. பாவம், அவளுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் தெரியாது!"