நேரடி ஆய்வு

எதையும் நேரில் பார்க்காமல் சுந்தரேஷ் கையெழுத்துப் போடமாட்டார். டெல்லி அரசு உத்தியோகத்தில் ஊறிய பழக்கம். அந்தக் கையெழுத்துக்காகச் சில நாட்களாகக் காத்திருந்த ஜ்யோத்ஸ்னா, கடைசியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஓர் ஆட்டு இதயத்தை வாங்கிவந்து, ஆய்வகத்தில் வெதுவெதுப்பான உப்புநீரில் வைத்தாள்.

தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை உள்ளே சுட்டுச் சரிசெய்யும் மெல்லிய குழாயின் நுனியை அதன்மேல் வைத்தாள். சதை வெளுத்தது.

"இது முப்பது வாட், சார். நேரம் கூடினா ஆழமாப் போகும்."

"ஜாஸ்தி வாட், கொஞ்ச நேரம் வெச்சா?"

"அகலமா சுடும். ஆழம் கம்மி."

"அழுத்திப் பிடிச்சா?"

"ஆழம் கூடும்."

"வாட், அழுத்தம் ரெண்டையும் ஏத்துங்கோ, பார்ப்போம்."

"வேண்டாம் சார், வெடிச்சுடும்."

"அதைத்தாம்மா பார்க்கணும்."

ஏற்றினாள். டப்பென்று சதை பிளந்தது. சுந்தரேஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறந்ததிலிருந்து மாமிசத்தின் பக்கம் போகாதவர்.

"உள்ள தண்ணி கொதிச்சு ஆவியாயிடறது சார். சதையோட மின்தடை அளவு மெஷின்ல சட்டுனு இறங்கினா உடனே நிறுத்திடுவோம்."

"அப்போ வெடிக்கவே வெடிக்காதா?"

அவள் தயங்கினாள். "ரொம்ப அபூர்வம். ஆனா நூத்துக்கு நூறு சொல்ல முடியாது."

"அச்சா. அப்படிச் சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டேன்."

கையெழுத்துப் போட்டார். நர்ஸ் தள்ளிவந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, நோயாளி அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி டாக்டர், நாளைக்கு என்னோடதுக்கு எத்தனை வாட்?"