இரண்டு வரிப் பலகை

சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடித்துவிட்டுக் கேரட் போட்டிருந்தார்கள். வரப்பில் ஒரு பலகை நின்றது. அதில் இரண்டே வரி: ‘ரசாயன உரம் இல்லை. பூச்சிமருந்து இல்லை.’

“என்னப்பா, வருஷா வருஷம் வளர்ந்துகிட்டே போறே?” என்று பக்கத்து எல்லைக்கல்லைக் கேட்டது பலகை.

“நான் எங்கே வளர்ந்தேன்? நட்டப்போ கழுத்து வரைக்கும் மண்ணு. இப்போ முழங்கால் தெரியுது.”

“அப்போ மண்ணு எங்கே போச்சு?”

கீழேயிருந்து நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

“நான் தண்ணிக்குள்ள மக்காமக் கிடந்த இலைதழை. தண்ணி போனதிலிருந்து மக்கி மக்கி மூச்சு விடுறேன்,” என்றது மண். “ஒவ்வொரு மூச்சுக்கும் என்னில் கொஞ்சம் காத்தாப் போயிடுது. நிறுத்த முடியலே.”

“நாங்கதான் ஒரு சொட்டு விஷம்கூட விடலையே!” என்றது பலகை.

மண் மறுபடி மூச்சு விட்டது. பலகையின் கால் ஆடியது.

“உன்மேல இன்னும் ஒரு ‘இல்லை’ வரிக்கு இடம் இருக்கு,” என்றது கல்.